மூன்று முழச் சந்து

ரத்தினவேல் ஐந்து மணி நேரத்தை அன்று காலை மூன்றேகால் ரூபாய்க்கு வாங்கினார்.

புதுக்கோட்டை சோடாக் கடையில் அது ஐஸ் கட்டி என்ற பெயரில் விற்பனைக்கு இருந்தது. கடைக்காரர் மரத்தூளைத் தள்ளிவிட்டுப் பாளத்தை வெளியே இழுத்து, நாலு ரூபாய் என்றார். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குவது மாட்டுத் தரகரான ரத்தினவேலுக்கு அடுத்தவன் எச்சில் இலையில் உட்காருவது மாதிரி. பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வழியில்லை.

"இந்த ஓரம் கரைஞ்சிருக்கே?"

"ஐஸுன்னா கரையத்தான் செய்யும்ங்க."

"அதைத்தான நானும் சொல்றேன். கரையிற சரக்குக்கு முழு வெலை கேக்குறது எந்த ஊரு நியாயம்?"

முக்கால் ரூபாய் இறங்கியது. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியும் ஊர் அணாவில்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அணா மிச்சம் என்று ரத்தினவேல் மனதுக்குள் குறித்துக்கொண்டார். பக்கத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் செல்லமுத்து, தோல்பையை நெஞ்சோடு அணைத்தபடி சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லமுத்துவின் பையில் நான்கு சின்னப் புட்டிகள் இருந்தன. புட்டிக்கு இருபத்தைந்து மாடு, ஆக நூறு மாட்டுக்குத் தடுப்பு மருந்து. குளிர் போனால் மருந்து செத்துவிடும். அதில் உள்ள கொடுமை என்னவென்றால், செத்த மருந்தும் உயிருள்ள மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

போக வேண்டிய இடம் காரைப்பட்டி. குடுமியான்மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல், புதுக்கோட்டையிலிருந்து பதினான்கு. ரத்தினவேலின் ஊர். பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு நாளில் நான்கு மாடுகள் விழுந்திருந்தன. கண்ணில் நீர், வாயில் புண், நாற்றமெடுத்த கழிச்சல். வெக்கை. தொழுவத்துக்குள் நுழைந்தால் கட்டின கயிறுகளை மட்டும் விட்டுவைக்கிற நோய். காரைப்பட்டியில் மொத்தம் தொண்ணூற்று நான்கு உருப்படி. அதில் பதினான்கு காளைகள் ரத்தினவேலின் கொட்டகையில், மணப்பாறைச் சந்தைக்காகப் பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருந்தன. முப்பது வருஷம் வாயால் சம்பாதித்ததெல்லாம் அந்தப் பதினான்கு ஜோடிக் கொம்புகளில்தான் நின்றது.

டாக்டர் ஆலங்குடிப் பக்கம் போயிருந்தார். ஆஸ்பத்திரி ஜீப்பும் ஆஸ்பத்திரி ஃபிளாஸ்கும் அவரோடு போயிருந்தன. "நீ போய்ப் போட்டுட்டு வந்துரு" என்று கம்பவுண்டருக்கு முதல் நாளே உத்தரவு கொடுத்திருந்தார். வண்டி ரத்தினவேலுடையது, யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த மோட்டார் சைக்கிள். ஃபிளாஸ்கும் அவருடையதுதான். நல்ல அகலவாய் ஃபிளாஸ்க். மூடி கொஞ்சம் கோணல் என்பதால் பாதி விலைக்கு வந்தது.

உடைத்த ஐஸை அதற்குள் நிரப்பி, புட்டிகளைப் புதைத்து, மூடியைத் திருகிப் பார்த்த செல்லமுத்து சொன்னார்: "நல்ல மூடியா இருந்தா நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்கும். இதுக்கு அஞ்சு மணி நேரம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

"ஒரு மணி நேரத்துல போயிருவோம். மீதி நாலு மணி நேரத்தை நீங்களே வச்சுக்கங்க" என்றார் ரத்தினவேல். அப்போது மணி பத்து.

ஐந்தாவது மைலில் ரோடு ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறும். ஒரு பர்லாங் நீளம். இடது பக்கம் கண்மாய்; பங்குனி மாதமாதலால் தண்ணீர் வற்றி இடுப்பளவு சேறு. வலது பக்கம் இரண்டு ஆள் பள்ளத்தில் வயல். கரைமேல் இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்டலாம், மூன்றாவதற்கு இடமில்லை.

அன்று கரை முழுக்க வண்டி. வலது ஓரம் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போகிறவை. இடது ஓரம் இறக்கிவிட்டுத் திரும்புகிறவை. கரையின் அந்தக் கோடியில், உபரித் தண்ணீர் வழிகிற கலிங்குக்குப் பக்கத்தில், ஒரு பாரவண்டி அச்சு முறிந்து குறுக்கே படுத்துவிட்டது. மூட்டை இறக்கி, வேறு அச்சு கொண்டுவந்து போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அச்சுக்கு ஆள் குடுமியான்மலைக்கு நடந்து போயிருந்தான். இந்தக் கோடியிலோ, முந்தப் பார்த்து வலது ஓரத்துக்கு மாறிய இரண்டு காலி வண்டிகள் எதிர்வரிசைக்கும் வழியை அடைத்துவிட்டன.

இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று முழம் இடைவெளி இருந்தது. வண்டிக்காரர்கள் அதைச் சந்து என்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரவும், நுகத்தடியைக் கழற்றிப் பூட்டவும் விட்டுவைத்த இடம்.

ரத்தினவேல் சந்தைப் பார்த்தார். வியாபாரிக்கு யாரும் உட்காராத இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. வேகத்தைக் குறைத்து மோட்டார் சைக்கிளை உள்ளே விட்டார்.

பன்னிரண்டு வண்டி தாண்டினார்கள். இரண்டு பக்கமும் காளைகள் தலையைச் சிலுப்பின, மூக்கணாங்கயிறுகள் இழுபட்டன, வசவுகள் வண்டிக்கு ஒன்று வீதம் வந்தன. பதின்மூன்றாவது வண்டியில் ஒரு மூங்கில் கழி குறுக்கே நீண்டு வழியை மறித்தது. அதன் மறுமுனையில் சேவுகன் உட்கார்ந்திருந்தார். இடது வரிசைக்காரர், நரைத்த மீசை, அவர் சொல்லை அந்த ரோட்டில் எந்த வண்டிக்காரரும் தட்டமாட்டார்.

"நிப்பாட்டுங்க தரகரே."

நிறுத்தினார். அதற்குள் பின்னால் மிரண்ட ஒரு ஜோடி சந்துக்குள் திரும்பி நின்றுகொண்டது. முன்னால் கழி, பின்னால் கொம்பு. இடது கை நீட்டினால் ஒரு சக்கரம், வலது கை நீட்டினால் இன்னொன்று. காலை ஊன்றி இறங்கக்கூட ஒரு பக்கமாகச் சாய வேண்டியிருந்தது. மணி பத்து நாற்பது.

"சேவுகண்ணே, அவசரம். நானென்ன வண்டியத் தள்ளிட்டா போறேன்? சந்து சும்மாத்தான கெடக்கு?"

"சும்மா கெடக்கலை. மாடு மெரண்டா ஒதுங்குறதுக்குக் கெடக்கு."

"அரை நிமிசம் சத்தம். அதுக்குள்ள நான் அங்கிட்டுப் போயிருவேன்."

"போன வருசம் மர கண்ட்ராக்டர் மகன் இப்படித்தான் அரை நிமிசம்னான். என் எடத்து மாடு, எடப்பக்கம் பூட்டுறது, மெரண்டு பள்ளத்துல எறங்கி முன்னங்கால் முறிஞ்சு போச்சு. அவன் திரும்பிக்கூடப் பாக்கலை. கால் முறிஞ்ச மாட்டை யாருக்கு வித்தேன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்க தரகுலதான் வித்தேன்."

ரத்தினவேலுக்குத் தெரியும். தரகு இரண்டு ரூபாய் வாங்கியதும் தெரியும். "அவன் சின்னப் பய. நான் பாத்துப் போவேன்."

"ஒங்களை விட்டா நாளைக்கு இன்னொருத்தன். இப்ப இந்த டபடபா புதுக்கோட்டையில அஞ்சு இருக்கு. அஞ்சு அம்பதாகும். அம்பதும் வந்து, 'சந்து சும்மாத்தான கெடக்கு'ன்னு சொல்லும். அப்பறம் நாங்க மாட்டைப் புடிப்பமா, ஒங்க மூஞ்சியப் பாப்பமா?"

வலது வரிசையில் மூட்டைமேல் படுத்திருந்த ஆண்டிச்சாமி தலையைத் தூக்கினார். வாய் சும்மா இருக்காத மனிதர். "எஞ்சினை நிப்பாட்டிட்டு உருட்டிட்டுப் போகட்டுமேண்ணே."

"மாட்டுக்கு எஞ்சின் நின்னுருச்சுன்னு நீ போய்ச் சொல்லுவியா? அதுக இதைக் கண்டாலே மெரளுதுக. பேசி வச்சாச்சு. பிள்ளைத்தாச்சி, பொணம், தபால். இந்த மூணுக்குத்தான் சந்து."

ரத்தினவேல் தோள் துண்டை எடுத்தார். சந்தையில் விலை பேசுகிறவர்கள் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேசுவார்கள். மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. துண்டை விரித்துச் சேவுகன் கைமேல் போடப் போனார்.

"துண்டைத் தோள்லயே போடுங்க" என்றார் சேவுகன். "எம்மாட்டுக் காலுக்கு மறைவா ஒரு வெலை வேணாம்."

இந்த இடத்தில் ரத்தினவேல் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு அவரிடம் இரண்டு நல்ல காரணங்கள் இருந்தன. கெட்ட காரியங்களுக்கு எப்போதும் இரண்டாவது இருக்கும். ஒன்று, தேவையைக் காட்டுகிறவனுக்கு விலை ஏறும் என்பது அவர் பிறந்து வளர்ந்த பாஷை. மற்றது, காரைப்பட்டிக்கு அருகே வெக்கை என்று ஒரு வண்டிக்காரன் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஜில்லா முழுக்கத் தெரியும். அப்புறம் அந்தப் பதினான்கும் குத்துக்கல்லாட்டம் ஆரோக்கியமாக நின்றாலும் மணப்பாறையில் ஒருவன் கிட்டே வரமாட்டான். செல்லமுத்து வாயைத் திறந்தபோது ரத்தினவேல் அவர் முழங்கையை அழுத்தினார்.

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே முறையில் வேலையைத் தொடங்கினார். தரகர் விற்கிறவனிடம் ஒரு கதை சொல்வார், வாங்குகிறவனிடம் வேறொன்று. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சந்தைக்கூட்டம் இருக்கும். முப்பது வருஷம் அப்படியே பழகிப் போயிற்று.

வலது பக்கம் திரும்பி, ஆண்டிச்சாமியின் சக்கரத்தில் கையூன்றிக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, ஒங்கிட்ட மட்டும் சொல்றேன். வீட்டுல பிரசவ வலி. பிள்ளை குறுக்கே விழுந்திருக்காம். ஃபிளாஸ்குல மருந்து. நீ சேவுகண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

ஆண்டிச்சாமியின் முகம் இளகியது. சரிதான் என்று ரத்தினவேல் இடது பக்கம் திரும்பினார். சேவுகன் பக்திமான், நெற்றியில் பட்டை அழியாத ஆள். அதற்குத் தக்கபடி சரக்கை எடுத்தார். "அண்ணே, வெளிய சொல்லக்கூடாது. குடுமியான்மலைச் சாமிக்குக் கங்கைத் தீர்த்தம். உச்சிக்கால பூசைக்குள்ள போய்ச் சேரணும்."

இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று முழம்தான் என்பதை அவர் மறந்துபோனார்.

ஆண்டிச்சாமி மூட்டைமேல் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் தரகரே, அப்ப கங்கைத் தண்ணியக் குடிச்சாத்தான் மதினிக்குப் பிள்ளை பொறக்குமா? இல்லை, சாமிக்குத்தான் இடுப்பு வலியா?"

கரை சிரித்தது. சிரிப்பு வண்டி வண்டியாகக் கலிங்கு வரை போய்த் திரும்பி வந்தது. ஆண்டிச்சாமிக்குப் பின்வண்டியில் ஒரு பெண் தலைமுக்காட்டை விலக்கிப் பார்த்தாள். ராசாத்தி. புருஷன் போன பிறகு வண்டியைத் தானே ஓட்டுகிறவள். காரைப்பட்டிக்கு அடுத்த ஊர்.

"யாருக்குப் பிரசவம்? கண்ணாத்தாக்காவுக்கா? அது போன பொங்கலுக்குப் பேரனுக்குக் காது குத்திச்சே! நான்தான மொளகாய் அரைச்சேன்."

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. சேவுகன் மட்டும் சிரிக்கவில்லை. கழியைச் சக்கர ஆரங்களுக்குள் செருகி, குறுக்கே நிலையாக நிற்கும்படி கட்டினார். "பொணம்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தரகரே. அதையும் சொல்லிப் பாத்துருங்க."

அதன் பிறகு ரத்தினவேல் சொன்ன எதுவும் ஏறவில்லை. கோபப்பட்டார். ஆளுக்கு ஒரு ரூபாய் என்றார். இறங்கி நடந்துபோகலாமா என்று கணக்குப் போட்டார்: ஒன்பது மைல், மூன்று மணி நேரம், அந்த வெயிலில் அந்த மூடியோடு. புதுக்கோட்டைக்குத் திரும்ப வேண்டும் என்றாலும் வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னால் இன்னும் பத்து வண்டி வந்து நின்றுவிட்டது, அதற்கும் பின்னால் பஸ். சந்துக்குள் காற்று வரவில்லை. இரண்டு பக்கத்து மாட்டு மூச்சும் எஞ்சின் சூடும் அவர் முழங்கால் அளவில் சேர்ந்து நின்றன. பன்னிரண்டு மணிக்கு ஒரு காளை அவர் சட்டைக் கையை மெல்லத் தொடங்கியது. விலக்கக்கூட இடமில்லாமல் அவர் அதை மெல்லவிட்டார்.

ஒன்றேகாலுக்கு, அச்சு வந்து சேர்ந்தது. அளவு பொருந்தவில்லை, இழைக்க வேண்டும் என்று சேதி வரிசை வழியாக வந்தது.

செல்லமுத்து ஃபிளாஸ்கைத் திறந்து உள்ளே விரலை விட்டார். வெளியே எடுத்த விரலைப் பார்த்தார். மூடினார். அவர் அரசாங்கச் சம்பளக்காரர், பேச்சில் லாபமோ நஷ்டமோ பார்த்துப் பழகாதவர். மோட்டார் சைக்கிள் பின்சீட்டின்மேல் ஏறி நின்று, இரண்டு வரிசைக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்.

"இது தீர்த்தமும் இல்லை, பிரசவ மருந்தும் இல்லைங்க. மாட்டுக்குத் தடுப்பு ஊசி. காரைப்பட்டிக்குப் பக்கத்துல வெக்கை வந்திருக்கு. நாலு மாடு செத்துருச்சு. ஐஸ் கரையறதுக்குள்ள ஊசி போடணும். ஐஸ் கரைஞ்சுக்கிட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்ற மாட்டின் வாயைத்தான் பார்த்தார்கள்.

சேவுகன் கீழே இறங்கினார். கட்டிய கழியை அவிழ்த்தார். தலைத் துண்டை உருவித் தன் இடத்து மாட்டின் கண்களைச் சுற்றிக் கட்டினார், பிறகு ராசாத்தி எறிந்த சாக்குத் துணியால் வலத்து மாட்டுக்கும் கட்டினார். "கண்ணைக் கட்டுங்கடா! மூக்கணாங்கயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சக்கரத்தோட ஒட்டி நில்லுங்க! வழி விடு!"

துண்டும் வேட்டியும் சாக்குமாகக் கரை நெடுகக் கண்கள் மூடின. வண்டிக்கு ஒரு ஆள் மாட்டுத் தலையை நெஞ்சோடு அணைத்து நின்றான். சந்து மூன்று முழத்திலிருந்து நான்கு முழமாயிற்று. இரண்டரை மணி நேரமாக எந்த விலைக்கும் கிடைக்காத வழி ஓசியில் திறந்து கிடந்தது.

"போங்க" என்றார் சேவுகன். "மொதல்லயே இதைச் சொல்லியிருந்தா பத்தே முக்காலுக்குப் போயிருப்பீங்க. எங்களுக்கு மாடு இல்லையா?"

ரத்தினவேல் ஹேண்டில் பாரைப் பிடித்தார். "ஏறுங்க கம்பவுண்டரே!"

செல்லமுத்து ஏறவில்லை. "ஐஸ் எலுமிச்சங்காய் அளவுதான் இருக்கு. எஞ்சின் சூட்டுல அஞ்சு மணி நேரக் கணக்குத் தப்பிருச்சு. இன்னும் முக்கால் மணி நேரம் நிக்கும். இந்த வண்டிகளத் தாண்டி, கலிங்குல இதைத் தூக்கி அங்கிட்டு வச்சு, ஒம்பது மைல் போயி, மேய்ச்சலுக்குப் போன மாட்டைத் தேடிப் புடிச்சு... மூணரை ஆயிரும்ங்க. மருந்து செத்துரும்."

"வேற ஐஸ்?"

"புதுக்கோட்டையில. பின்னால பாருங்க."

ரத்தினவேல் பின்னால் பார்த்தார். பார்க்கத் தேவையில்லை என்றாலும் பார்த்தார்.

செல்லமுத்து கரையை ஒரு தடவை கண்ணால் அளந்தார். குரல் தயங்கியது. "பஸ்ஸு வரைக்கும் முப்பத்தொம்பது வண்டி. எழுபத்தெட்டு மாடு. புடிக்கவேண்டிய வேலைகூட இல்லை. எல்லாம் கண்ணைக் கட்டி நிக்குது. பாதி வண்டி அந்தப் பக்கத்து ஊருதான்."

"அது எங்க ஊரு மருந்து" என்றார் ரத்தினவேல்.

"ஆமாங்க."

"எம்மாடு பதினாலு நிக்குது."

"ஆமாங்க."

வாதம் செய்ய எதிராளி வேண்டும்; செல்லமுத்து எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ரத்தினவேல் சேவுகனைப் பார்த்தார். சேவுகன் தரையைப் பார்த்தார். கேட்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. முப்பத்தொன்பது வண்டிக்காரரும் மாட்டுத் தலையைக் கட்டிக்கொண்டு அவர் போகட்டும் என்று நின்றார்கள்.

"போட்டுத் தொலைங்க" என்றார்.

முதல் புட்டி உடைந்தது. செல்லமுத்து உப்புத் தண்ணீர் கலந்து, ஊசியில் இழுத்து, கழுத்துத் தோலை நிமிண்டிக் குத்தினார். வண்டிக்கு வண்டி ஒரே வாசகம் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வரும். மூணு நாளைக்கு நுகத்துல பூட்டக்கூடாது." மூன்று நாள் வாடகை போகும் என்று ஒருவன் முனகினான், "மாடு போனா மூணு வருச வாடகை போகும்" என்று ஆண்டிச்சாமி அவன் வாயை அடைத்தார். ரத்தினவேல் ஃபிளாஸ்கை வேட்டி மடிப்பில் சுற்றி நிழலில் பிடித்துக்கொண்டு கூடவே போனார். கண்கட்டிய மாடுகளின் திமிலையும் சுழியையும் பற்களையும் பழக்க தோஷத்தில் விலை போட்டுக்கொண்டே போனார். எதுவும் அவருடையதில்லை.

முப்பத்தேழு வண்டி முடிந்து, ஆண்டிச்சாமியின் இடத்து மாட்டோடு மூன்று புட்டி தீர்ந்தது. எழுபத்தைந்து. பாக்கி மூன்று மாடு: ஆண்டிச்சாமியின் வலத்து மாடு, ராசாத்தியின் ஜோடி.

நான்காவது புட்டி ரத்தினவேல் கையில் இருந்தது. ஃபிளாஸ்குக்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஐஸ் மிதந்தது. புட்டிக்குள் இருபத்தைந்து, அவர் கொட்டகையில் பதினான்கு.

"இதை உடைக்காம எடுத்துட்டுப் போனா?"

"வேணும்னா போலாம்ங்க. குத்திட்டும் வரலாம். மருந்து செத்திருக்கும். ஊசி போட்டாச்சுன்னு நம்பி ஒதுக்கிக் கட்டாம விட்டுருவீங்க. அது ஊசி போடாததைவிட மோசம்."

"சாகாம இருந்துச்சுன்னா?"

"எனக்குப் பாத்துச் சொல்லத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ராசாத்தி தன் காளைகளின் கண்ணிலிருந்து துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். "அண்ணே, நீங்க கொண்டு போங்க. ஒங்களுக்குப் பதினாலு. எனக்கு ரெண்டுதான். நான் ஒதுக்கிக் கட்டிப் பாத்துக்கிறேன்." பிறகு, நம்பிக்கையில்லாமல், "இல்லை, என்ன வேணும்னு சொல்லுங்க. இந்தக் கடலைய எறக்கிக் கூலி வாங்கினதும் தாரேன்."

ரத்தினவேலின் கை தானாகத் துண்டைத் தேடியது. துண்டு எங்கோ ஒரு மாட்டின் கண்ணில் இருந்தது. சொல்ல ஒரு விலை வாயில் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை. ஐஸ் கரைந்த தண்ணீர் ஃபிளாஸ்கின் கோணல் மூடி வழியாக ஒழுகி அவர் வேட்டியை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"கண்ணைக் கட்டு" என்றார். புட்டியைச் செல்லமுத்துவிடம் நீட்டினார்.

அச்சு மாட்டி, மூட்டை ஏற்றி, கரை நகரத் தொடங்கியபோது மணி நாலரை. அடுத்த மருந்து சனிக்கிழமை வந்தது. இந்தத் தடவை டாக்டரே ஜீப்பில் கொண்டுவந்தார். ஆனால் வெக்கை வெள்ளிக்கிழமையே காரைப்பட்டிக்குள் வந்துவிட்டது. காளை ஒவ்வொன்றும் விழும்போது ரத்தினவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் மறைக்கவில்லை. மணப்பாறையிலிருந்து வந்த வியாபாரியை ஊர் எல்லை தாண்டவிடாமல் தானே எதிரே போய் நிறுத்தி, "வெக்கை, உள்ள வராதீங்க" என்று திருப்பி அனுப்பினார். சேவுகன் இரண்டு தடவை வந்து, செத்த மாடுகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கக் குழி வெட்டினார்.

மாதக் கடைசியில் செல்லமுத்து தடுப்பு ஊசிப் பதிவேட்டை முடித்து, சாட்சிக் கையெழுத்துக்காக ரத்தினவேலிடம் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது:

வந்த மருந்து, மாடு நூற்றுக்கு. கண்மாய்க் கரையில் போட்டது, எழுபத்தெட்டு. வீண், இருபத்திரண்டு. மேற்படி எழுபத்தெட்டில் இறப்பு, இல்லை.

காரைப்பட்டி, மொத்தம் தொண்ணூற்று நான்கு. அன்று போட்டது, இல்லை. இறப்பு, முப்பத்தொன்று; அதில் ரத்தினவேல் வகையில் பதினொன்று. இருப்பு, அறுபத்து மூன்று. அதில் ரத்தினவேல் வகையில் மூன்று.